சுவரில் நின்றவரின் நிறம்

ஷுப்ரா, கெய்ரோ
1978 ஜனவரி 8

ஃபிக்ரி,

"அன்புள்ள" என்று ஆரம்பித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெறும் பெயரோடு இதை எழுதுகிறேன். நீ ஊருக்குத் திரும்பி ஏழு வாரமாகிறது. ஒரு வரி இல்லை. நான் அனுப்பிய இரண்டு கடிதமும் உன் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று எங்கள் அலுவலகத் தபால்காரர் சத்தியம் செய்கிறார். ஆகவே நீ உயிரோடு இருக்கிறாய், என் மேல் கோபமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோபம் எதற்கு என்று தெரியும். உன் மாமாவோடு நீ என்னைப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா அப்படிப் பேசினார், நான் வாயே திறக்கவில்லை. கதவோரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பேசும்போது எங்கள் வீட்டில் இன்னொருவர் பேசி நான் பார்த்ததே கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர், வீட்டையும் வகுப்பறையாகத்தான் வைத்திருக்கிறார். இது சாக்கு என்று நீ சொல்வாய். சாக்குதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இங்கே ஒரு பெரிய கூட்டம். பழைய எகிப்தியர்கள் எந்த இனம், கறுப்பரா, வெள்ளையரா, எங்கிருந்து வந்தவர்கள் என்று வாதாட இருபது நாட்டு அறிஞர்கள் வருகிறார்கள். குறிப்புகளைத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு. இதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்துக்கிட்டே இரு. நாம யாருன்னு உலகமே ஒத்துக்கப் போகுது. பிரமிடு கட்டினவனோட ரத்தம் இது" என்று கையை நீட்டிக் காட்டுகிறார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தக் கையை ரெண்டு நாள் வெயில்ல வைங்க, அப்புறம் யாரோட ரத்தம்னு பேசலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. சிரிக்காதே. அப்பா உன்னை மறுத்தது ஒரே காரணத்துக்காக. நீ தெற்கே நூபியாக்காரன், கறுப்பு. அவர் கும்பிடுகிற ராஜாக்களே உன் நிறம்தான் என்று இருபது நாட்டு அறிஞர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர் எந்த முகத்தோடு மறுப்பார்?

மண்டபத்தில் வைக்க, கல்லறைச் சுவர் ஓவியம் ஒன்றின் பிரதி ஆளுயரத்தில் வேண்டுமாம். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தொல்பொருள் இலாகாவிலிருந்து ஆணை வரும். என் மேலுள்ள கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

நாஹித்


குர்னா, லக்சர் மேற்குக் கரை
ஜனவரி 14

மதிப்பிற்குரிய நாஹித் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இலாகாவின் ஆணையும் கிடைத்தது. பிரதி எடுத்துத் தருகிறேன். சுவரில் இருப்பதை இருக்கிறபடி எடுப்பது என் தொழில், அதில் கோபத்துக்கு வேலையில்லை.

என் மாமா ஸுரூர் முப்பது வருஷமாகக் கெய்ரோவில் பெரிய வீடுகளில் சமைக்கிறவர். உங்கள் வீட்டுக்கு வருவதற்காக எஜமானியிடம் மூன்று நாள் விடுப்புக் கேட்டார். புது அங்கி தைத்துக்கொண்டார். உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னதால் பாதாம் வைத்த பஸ்பூஸா ரவை இனிப்பைத் தன் கையாலேயே செய்து எடுத்துவந்தார். உங்கள் தந்தை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்களே செஞ்சதா? பேஷ். எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார். என் பெயரை மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும், "இத்ரீஸ், டீ எடுத்துக்கோ" என்றார். சினிமாவில் வருகிற நூபிய வேலைக்காரனுக்கு அந்தப் பெயர்தானே வைப்பார்கள். கடைசியில் எழுந்து நின்றுகொண்டு, எங்களை வசைபாடும் அந்த வார்த்தையாலேயே, "பர்பரிக்குப் பொண்ணு குடுக்கற அளவுக்கு நாங்க இன்னும் இறங்கிடல" என்றார்.

மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். தெருவுக்கு வந்த பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பொண்ணு ஏன்டா ஒண்ணுமே சொல்லல?"

அதற்குப் பதில் தெரியாமல்தான் ஏழு வாரம் எழுதவில்லை.

நான் எடுக்கப்போகும் சுவர் ஒரு தானியக் கிடங்கு அதிகாரியின் கல்லறையில் இருக்கிறது. இலாகா கதவு போடுவதற்கு முன்னால் ஏதோ ஒரு குடும்பம் உள்ளே குடியிருந்து அடுப்பு மூட்டியிருக்கிறது. கூரை முழுக்கக் கரி. அதிகாரி மட்டும் பளிச்சென்று நிற்கிறார், கையில் கோலோடு. கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூக்கும் உதடும் ஸுரூர் மாமாவுடையவை.

நாஹித், உன் யோசனையைப் படித்துச் சிரிக்கத்தான் செய்தேன். நான் மனிதன்தான் என்பதற்கு இருபது நாட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டுமா? அப்புறம் அன்று முழுவதும் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. போட்டுவிட்டால்தான் என்ன, போட்டுவிடட்டுமே என்று. அவ்வளவு ஆசை எனக்கு.

ஃபிக்ரி


குர்னா
பிப்ரவரி 2

நாஹித்,

படம் நேற்று ரயிலேறிவிட்டது. சுருட்டி, துணி சுற்றி, தகரக் குழாயில் போட்டிருக்கிறேன். யாராவது தண்ணீர்க் குழாய் என்று நினைத்துவிடாமல் நீயே நின்று வாங்கு.

நாங்கள் நிறம் பிடிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. கலவையைக் காகிதத் துண்டில் பூசி, காயவிட்டு, சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். துண்டு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. பதினோராவது துண்டில் அதிகாரியின் தோள் பிடிபட்டது. வெளியே வந்து விளையாட்டாக அந்தத் துண்டை என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் விளிம்பு தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் மூன்று மாதம் நீ இதற்கு அடுத்த கல்லறை வாசலில் மேஜை போட்டுப் பட்டியல் தட்டச்சு செய்தாய். உள்ளே சுவரைப் பார்த்தபடி நான் வேலை செய்வேன், காது மட்டும் வெளியே இருக்கும். சத்தம் நின்றால் நீ டீ குடிக்கிறாய், மறுபடி கேட்டால் குடித்து முடித்தாய். இப்போது மேஜை இருந்த இடத்தில் ஒரு கழுதையைக் கட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. பாவம், அது என்ன செய்யும்.

ஃபிக்ரி


ஷுப்ரா
பிப்ரவரி 16

என் ஃபிக்ரி,

நல்ல செய்தி இருக்கிறது, ஆனால் கடைசியில்தான் சொல்வேன். ஐந்து நாள் நான் உட்கார்ந்து கேட்டதை நீயும் கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மண்டையோட்டை அளந்தவர் ஒருவர். மம்மியின் தலைமயிரை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர். பழைய மொழியும் தன் ஊர் மொழியும் அக்காள் தங்கை என்று வார்த்தை வார்த்தையாகக் காட்டியவர் ஒருவர். "கறுப்பர்கள் சுவரில் இருக்கிறார்களே, அடிமைகளாக, கைதிகளாக" என்று வடக்கே வெள்ளைக்கார நாடு ஒன்றிலிருந்து வந்த ஒருவர் சொன்னதும், லாகோஸிலிருந்து வந்த கறுப்பினப் பேராசிரியை ஒருத்தி எழுந்தாள். பெரிய தலைப்பாகை, கணீரென்ற குரல். மொழிபெயர்ப்பாளர் தடுமாறித் தடுமாறிச் சொன்னதை நான் அப்படியே அடித்தேன். "நீங்கள் எங்களைத் தேடும்போதெல்லாம் சுவரின் கீழ் வரிசையிலேயே தேடுகிறீர்கள். கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்." பிறகு உன் படத்தைக் கையால் காட்டினாள். மண்டபம் இரண்டு பட்டது. நம் ஊர்க்காரர் ஒருவர் மேஜையைத் தட்டி, "நாங்க கறுப்பும் இல்ல வெள்ளையும் இல்ல, நாங்க நாங்கதான்" என்று கத்தினார். அதற்கும் கைதட்டு.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் ஐந்து நாளும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்துக்காரர், அஸ்வானுக்குத் தெற்கே. இரண்டு கட்சியும் அவரிடம் சர்க்கரை கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. என் குறிப்பில் அவர் எங்கேயும் வரவில்லை.

கடைசி நாள் தலைவர் எழுந்து முடிவைப் படித்தார். "ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. மேலும் ஆய்வு தேவை." கார்பன் வைத்து ஐந்து பிரதி அடித்தேன். என் கல்யாணத்தை நானே ஐந்து பிரதியாக ரத்து செய்வதாகத் தோன்றியது. ஒன்பது எழுத்துப் பிழை.

இனி நல்ல செய்தி. அப்பா மூன்றாம் நாள் மண்டபத்துக்கு வந்திருந்தார், பழைய கோட்டும் கழுத்துப்பட்டையுமாக. வாதத்தைக் கேட்கவே இல்லை. உன் படத்தின் முன்னால் நின்றார், நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். நான் பார்க்கும்போதெல்லாம் அங்கேயே இருந்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் படம் யார் வரைஞ்சது?"

"ஃபிக்ரி" என்றேன்.

"வரையும்போது நிறத்தை அவனா போட்டானா, சுவர்ல அப்படித்தான் இருக்கா?"

"சுவர்ல இருக்கறதைத்தான் போடுவாங்க அப்பா. அதுதான் அவங்க சத்தியம்."

கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் என் பாட்டனையே வாசல்ல நிக்க வச்சு அனுப்பிட்டேன் போலிருக்கே" என்றார். "மார்ச் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை. அந்தப் பையனையும் அவன் மாமாவையும் வரச் சொல்லு. ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடிச்சுடலாம்."

ஃபிக்ரி, நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னை உடனே பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இருபத்திரண்டு நாள் எப்படிப் போகும்?

உன்னுடைய நாஹித்


குர்னா
பிப்ரவரி 21

என் நாஹித்,

கடிதத்தைப் படகிலேயே படித்தேன். கரை வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். படகுக்காரன், "என்ன அண்ணே, திரும்பவும் அக்கரைக்கா?" என்றான். ஆமாம் என்றேன். சும்மா போய்விட்டு வந்தேன்.

ஸுரூர் மாமாவுக்குத் தந்தி கொடுத்தேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது, "வருகிறேன்". என் அம்மா கோம் ஒம்போவில் அழுதாளாம். அணைக்கட்டில் ஊர் மூழ்கி அங்கே குடியேற்றப்பட்ட அன்று அழுததற்கு அப்புறம் இப்போதுதான் என்று தங்கை எழுதுகிறாள். பாதி சந்தோஷம், பாதி நம் பாஷை பேசாத மருமகள் வருகிறாளே என்ற துக்கம். நீ நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் சரியாகிவிடும்.

உன் அப்பா என் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாசலில் உன் மேஜைக்கு இடம் செய்யச் சொல்லிவிட்டேன், கழுதை வேறு இடத்துக்குப் போய்விட்டது. நீ இங்கே மாற்றல் கேட்கலாம், இல்லையா? எனக்கு எல்லாமே இப்போதே வேண்டும்.

அந்தச் சுவரைப் படம் பிடிக்க வெளிநாட்டவர்கள் வருகிறார்களாம். அதற்கு முன் முழுச் சுவரையும் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நாளை மறுநாள் தொடங்குகிறோம்.

ஃபிக்ரி


குர்னா
பிப்ரவரி 27

நாஹித்,

இதை உட்கார்ந்து படி. அம்மா பக்கத்தில் இருந்தால் நல்லது.

கரிப் புகை படிந்த சுவரை நாங்கள் ரொட்டியால் துடைப்போம். வெயிலில் பொங்கவிட்டுச் சுடுகிற இந்த ஊர் ரொட்டியின் உள் மாவைப் பிசைந்து உருட்டி, மெல்ல ஒற்றி எடுத்தால் சாயம் நிற்கும், கரி வந்துவிடும். முந்தாநாள் அதிகாரியின் தோளில் நானே ஒற்றினேன். உருண்டை கறுத்துவிட்டது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் கறுத்தது. ஏழாவது உருண்டை சுத்தமாக வந்தபோது சுவரில் செங்கல் நிறத்தில் ஒரு தோள் இருந்தது. பக்கத்துக் கல்லறைகளில் ஆண்களுக்குப் பூசியிருக்கும் அதே காவி.

நான் வரைந்து அனுப்பியது புகையை. யாரோ ஒரு வீட்டு அடுப்பின் புகையை.

எந்தக் கற்றுக்குட்டியும் செய்யாத பிழை இது. நிறம் பிடிப்பதற்கு முன்னால் கட்டைவிரல் அளவு இடத்தை ரொட்டியால் துடைத்துப் பார்க்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அதிகாரி சுற்றிலும் உள்ளதைவிடப் பளிச்சென்று இருந்தார், யாரோ ஏற்கெனவே துடைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். துடைத்தால் அந்த நிறம் போய்விடுமோ என்று பயந்தேன். அவர் எங்களவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. உன் அப்பா அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

முகம் மாறவில்லை. இப்போதும் என் மாமாவின் மூக்குதான், உதடுதான். அந்தக் காவியும் அவருடைய உண்மை நிறமா, ஆண் என்றால் காவி என்று வழக்கத்துக்குப் பூசியதா, யாராலும் சொல்ல முடியாது. பெண்களுக்கெல்லாம் மஞ்சள் பூசியவர்கள் அவர்கள். அடுத்த சுவரில் ஆட்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். ஒருவர் கறுப்பு, அடுத்தவர் காவி, மறுபடி கறுப்பு. ஆளுக்கு ஆள் பிரித்துக் காட்டச் செய்ததாக இருக்கலாம், நிஜமாகவே அப்படி நின்றிருக்கலாம். சுவர் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லிவிட்டேன், தப்பாக.

பிரதியைத் திருத்த வேண்டும் என்று இலாகாவுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அனுப்பினால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கெய்ரோவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், உன் அப்பாவுக்கும். ஃபாத்திஹா ஓதிய பிறகு அனுப்பினால் அவர் சொல்லை மாற்றமாட்டார், அவ்வளவு கௌரவம் உள்ளவர்தான். நீ சொல். பொறு என்றால் பொறுக்கிறேன். அதன் பிறகு அவரிடம் எப்படிக் கை நீட்டி ஸலாம் சொல்வேன் என்று மட்டும் தெரியவில்லை.

ஃபிக்ரி


ஷுப்ரா
மார்ச் 4

ஃபிக்ரி,

முதலில் திட்டிவிடுகிறேன். இதை ஏன் என் தலையில் போட்டாய்? நீ பாட்டுக்கு அனுப்பியிருந்தால் உன் மேல் கோபப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். நீ சொல் என்கிறாய். யோக்கியமாகவும் இருக்க வேண்டும், பெண்ணும் வேண்டும், பழி மட்டும் எனக்கு. நன்றாக இருக்கிறது.

நான் "பொறு" என்றுதான் எழுதினேன். ஒரே வார்த்தை. உறை ஒட்டி, தபால்தலை ஒட்டி, பெட்டி வரைக்கும் போனேன். அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அப்பா அதைத் தூக்கிக்கொண்டு, "இவன் கிடங்கு அதிகாரி ஜாடை" என்று ஊருக்கெல்லாம் காட்டுவார். நீயும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்ப்போம். வருஷக்கணக்காக. பெட்டியில் போடாமல் திரும்பி வந்தேன்.

முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு.

அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். வருத்தப்பட்டிருந்தால், ஆத்திரப்பட்டிருந்தால்கூட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஃபிக்ரி, அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பல் பிடுங்கிய பிறகு வருமே, அந்த நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அப்போ வெறும் கரியா?" என்றார். ரொட்டியைக் கிழித்து மொலோகியாக் கீரைக் குழம்பில் தோய்த்தார். "நான் அப்பவே யோசிச்சேன், சரித்திரம் படிச்சவனுக்கு இடிக்காதா? சரி, வெள்ளிக்கிழமை வேண்டாம்னு எழுதிடு."

"ஏன் வேண்டாம்?" என்றேன்.

என்னை ஏதோ புதுப் பெண்ணைப் பார்ப்பதாகப் பார்த்தார்.

"ஏன்னா? அவன் வேற, நாம வேற. அதான் தெளிவாயிடுச்சே."

"போன வாரம் அவன் யாரா இருந்தான் அப்பா? இந்த வாரம் அவன்ல என்ன குறைஞ்சுபோச்சு? அவன் நிறம் கழுவிப் போயிடுச்சா? நீங்க சம்மதம் சொன்னது அவனுக்கா, ஒரு சுவருக்கா? அந்தச் சுவரைப் பத்தின உண்மையை உங்களுக்குச் சொன்னதே அவன்தான். மறைச்சிருந்தா வெள்ளிக்கிழமை உங்க கையாலேயே சர்பத் ஊத்திக் குடுத்திருப்பீங்க."

"நாஹித்!" என்றார்.

"அவன் பேர் இத்ரீஸ் இல்ல. ஃபிக்ரி. அவன் மாமா சமையல்காரர்தான். அன்னைக்கு அவர் செஞ்சு கொண்டுவந்ததை நீங்க ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க, நான் பாத்தேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. அப்பா எழுந்து அறைக்குள் போனார். ரெண்டு நாளாகப் பேச்சில்லை. என் தட்டு வைத்த பக்கம் திரும்புவதுமில்லை. எனக்கு அவர் அப்பா, ஃபிக்ரி. கதவுக்கு வெளியே நின்று அவர் இருமுவதைக் கேட்கிறேன். இது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

உன் மாமாவின் கேள்விக்குப் பதில், தாமதமாக, இதுதான் என்று அவரிடம் சொல்.

இலாகாவுக்கு எழுதியதை இன்றே அனுப்பு. எனக்கு இருபத்தெட்டு வயது. சம்பளம் என்னுடையது, கால் என்னுடையது, லக்சருக்கு ரயில் தினமும் இருக்கிறது. வரட்டுமா என்று கேட்கிறேன். யோசித்து எழுது. பரிதாபப்பட்டு எழுதாதே.

நாஹித்


குர்னா
மார்ச் 12

நாஹித்,

வா. யோசிக்க ஒன்றுமில்லை, வா.

அனுப்பிவிட்டேன். மேற்பார்வையாளர் என்னை நிற்கவைத்தே பேசினார். "உங்க ஆளுங்களுக்கு ஆசை அதிகம், அதான் கண்ணு பொய் சொல்லுது" என்றார். ஆறு மாதம் நான் தனியாகப் பிரதி எடுக்கக்கூடாது, மற்றவர்களுக்குச் சாயம் அரைத்துக் கொடுக்க வேண்டும். பிழை என்னுடையது, அதனால் பேசாமல் கேட்டுக்கொண்டேன். "உங்க ஆளுங்க" என்றதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் சொன்னேன். அதனால்தான் ஆறு மாதம், இல்லாவிட்டால் மூன்றோடு போயிருக்கும்.

உன் கடிதத்தை மாமாவுக்கு அனுப்பினேன். அவர் நேரே கிளம்பி இங்கேயே வந்துவிட்டார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். "ரெண்டு துண்டா சாப்ட்டாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். நேற்று மாமாவும் நானும் லக்சரில் கல்யாணப் பதிவு செய்கிற ஷேக்கைப் பார்க்கப் போனோம். எல்லாம் கேட்டுவிட்டு, "பொண்ணு தரப்புல யார் கை குடுக்கறா?" என்றார். மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனும் கையோடு கை கோத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டை போர்த்தி, அதன் பிறகுதானே ஷேக் வாசகம் சொல்வார். தகப்பன் இல்லையென்றால் அண்ணன், மாமன், சித்தப்பன், யாராவது ஒரு ஆண். "யாருமே இல்லாம எப்படிய்யா?" என்றார் அவர்.

கோம் ஒம்போவிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். "அவங்க ஆள் ஒருத்தர் கையாவது இருக்கணும்டா. இல்லேன்னா நாளைக்கு நம்ம ஜனமே 'பொண்ணைத் தூக்கிட்டு வந்துட்டான்'னு சொல்லும். அவளையும் ஒரு மாதிரிதான் பேசும்" என்கிறாள். எனக்கு ஜனம் பற்றிக் கவலையில்லை. உன்னைப் பேசுவார்கள் என்பதில் கவலை இருக்கிறது.

தந்தாவில் உன் அம்மாவின் அண்ணன் இருப்பதாகச் சொன்னாயே. கேட்டுப் பார்ப்பாயா? ஒரு கை போதும். அரை மணி நேரம்.

வர வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. கெய்ரோ ரயில் வருகிற நேரத்துக்குப் படகேறி அக்கரைக்குப் போய் நிற்கிறேன், நீ இன்னும் கிளம்பவில்லை என்று தெரிந்தும். இறங்குகிற எல்லோரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். நாலு நாளாக.

ஃபிக்ரி


ஷுப்ரா
மார்ச் 18

என் ஃபிக்ரி,

தந்தா மாமா பதில் எழுதிவிட்டார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவர் கை கொடுப்பது முறையில்லையாம். சித்தப்பா மகனைக் கேட்டேன். அவனுக்கு முறையெல்லாம் பிரச்சினையில்லை, "கறுப்பனுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். எழுந்து வந்துவிட்டேன். கடைசியாக அப்பாவின் அறைக்கே போனேன். அவர் செய்தித்தாளை இறக்காமல், "என் கை எதுக்கு? அந்தக் கரிப் படத்துக்கு கை இருக்கே, அதைக் குடுக்கச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கல்யாணம் பதிகிற ஷேக்கிடம் நானே போனேன். தகப்பன் கை இல்லாமல் வயது வந்த பெண் தன் கல்யாணத்தைத் தானே செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, புத்தகத்தைப் புரட்டி, என்னை ஒருமுறை பார்த்து மறுபடி புரட்டினார். "சட்டத்துல இருக்கும்மா, நாம பின்பற்றுற மார்க்க முறையில, மத்ஹப்ல, அதுக்குத் தடை இல்ல. முப்பது வருஷத்துல யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்" என்றார். அந்தப் பக்கத்தை எழுதி, முத்திரை குத்தித் தரச் சொன்னேன். உங்கள் லக்சர் ஷேக் நம்பமாட்டார் என்று தெரியும்.

அம்மா என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அழுதுகொண்டே அடுக்குகிறாள், ஆனால் நன்றாக மடித்து அடுக்குகிறாள். மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ரயிலில் ஏறுகிறேன், வெள்ளி காலை லக்சர். அன்று மட்டும் படகுத்துறையில் நில், மற்ற நாள் போய் ஏமாறாதே. மாமாவை அங்கி போட்டுக்கொண்டு வரச் சொல். கைக்குட்டையை அவர் கொண்டுவரட்டும். கையை நான் கொண்டுவருகிறேன்.

நாஹித்